மூலை தாண்டிப் பொது நிலத்துக்குள் போகலாமா? வயோமிங் வேட்டையும் தனியார் பண்ணைகளும்

செந்தில் ஃபோர்ட் காலின்ஸ்:

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் எல்க் மான் வேட்டைக்கான குலுக்கலில் இந்த வருடம் எனக்கு உரிமம் விழுந்திருக்கிறது. வெளி மாநிலத்துக்காரன் என்பதால் கிட்டத்தட்ட 700 டாலர் கட்டியிருக்கிறேன், அதனால் எங்கே போகலாம் எங்கே போகக்கூடாது என்பதை இப்போதே தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். வரைபடச் செயலியைத் திறந்தால் ரயில் பாதையின் இரண்டு பக்கமும் மஞ்சள் கட்டம், வெள்ளைக் கட்டம் என்று மாறி மாறி வருகிறது. மஞ்சள் பி.எல்.எம். (ஃபெடரல் நில மேலாண்மைத் துறை) நிலம், அதாவது ஃபெடரல் அரசின் பொது நிலம், யாரும் போகலாம். வெள்ளை தனியாருடையது. ஒரு மஞ்சள் கட்டத்தில் கவுன்டி சாலை தொடுகிறது, அங்கே வண்டியை நிறுத்தலாம். ஆனால் மான் இருக்கும் என்று நான் நினைக்கும் அடுத்த மஞ்சள் கட்டம் இதை மூலையில் மட்டும்தான் தொடுகிறது. அந்தப் புள்ளியின் மற்ற இரண்டு பக்கமும் ஒரே பண்ணைக்காரரின் நிலம்.

அந்த மூலையில் ஒரு கட்டத்திலிருந்து எதிர்க் கட்டத்துக்குக் கால் எடுத்து வைத்தால் அது அத்துமீறலா? கோர்ட்டில் ஜெயித்துவிட்டார்கள் என்று ஒருவர் சொல்கிறார், ஷெரிப் பிடிப்பார் என்று இன்னொருவர் சொல்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லாரமி வாசி:

தம்பி, முதலில் பதில். வயோமிங்கில், இரண்டு பக்கமும் ஃபெடரல் பொது நிலம் என்றால், தனியார் நிலத்தின் தரையைத் தொடாமல், வேலியைச் சேதப்படுத்தாமல் மூலையைத் தாண்டிப் போகலாம். எல்க் மவுன்டன் என்ற மலையைச் சுற்றியுள்ள பண்ணை வேட்டைக்காரர்கள் மேல் போட்ட வழக்கில், வயோமிங் அடங்கிய வட்டாரத்துக்கான ஃபெடரல் நீதிமன்றமான 10வது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மார்ச் 18 அன்று அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. பண்ணைத் தரப்பு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது, 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது. எனவே அந்தத் தீர்ப்பு நிற்கிறது.

ஆனால் இது எப்படி வந்தது என்று தெரியாமல் மூலைக்குப் போகாதீர்கள், ஏனென்றால் எது சரி எது தப்பு என்பது அந்தக் கதைக்குள்தான் இருக்கிறது.

இந்தக் கட்டம் கட்டமான நிலம் 1862இலும் 1864இலும் வந்த பசிபிக் ரயில்வே சட்டங்களின் வேலை. கண்டத்தைக் கடந்து ரயில் போடக் காசு இல்லாததால் அரசு நிலத்தைக் கொடுத்தது. ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர், ஒரு செக்‌ஷன். யூனியன் பசிபிக் கம்பெனிக்குப் பாதையின் இரண்டு பக்கமும் 20 மைல் வரை ஒற்றைப்படை எண் செக்‌ஷன்கள், இரட்டைப்படை எண்கள் அரசுக்கு. ரயில் வந்தால் மீதி நிலத்தின் விலை ஏறும், அதை விற்று ஈடு செய்துகொள்ளலாம் என்பது கணக்கு. தெற்கு வயோமிங்கின் வறண்ட மேட்டு நிலத்தில் அந்தக் கணக்கு பலிக்கவில்லை, குடியேற வந்தவர்கள் குறைவு, விற்காத செக்‌ஷன்கள் அரசிடமே தங்கிவிட்டன. அவைதான் நீங்கள் பார்க்கும் மஞ்சள் கட்டங்கள்.

1880களில் பெரிய மாட்டுப் பண்ணைக்காரர்கள் என்ன செய்தார்கள் என்றால், தங்கள் ஒற்றைப்படைக் கட்டங்களை மட்டும் வேலி போட்டு நடுவில் இருக்கும் அரசுக் கட்டங்களையும் சேர்த்துத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். அதைத் தடுக்கத்தான் 1885இல் சட்டவிரோத அடைப்புச் சட்டம் வந்தது. வேலி போட்டோ, மிரட்டியோ, வேறு எந்த வழியிலோ யாரையும் பொது நிலத்துக்குள் அமைதியாகப் போகவிடாமல் தடுக்கக்கூடாது என்று அது சொல்கிறது. கொலராடோவில் ஒருவர் தன் நிலத்துக்கு உள்ளேயே, எல்லையை ஒட்டி வேலி போட்டு, அரசு நிலம் சுமார் 20,000 ஏக்கரை அடைத்தார். வேலி முழுக்க என் மண்ணில்தான் நிற்கிறது என்று வாதாடினார். 1897இல் கேம்ஃபீல்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

இப்போது நம் வழக்கு. கார்பன் கவுன்டியில் எல்க் மவுன்டன், 11,000 அடிக்கு மேல் உயரம். அதைச் சுற்றி ஒரு பெரிய பண்ணை, நடுநடுவே பொது நிலக் கட்டங்கள். 2020இல் மிசூரியிலிருந்து வந்த வேட்டைக்காரர்கள் மூலைக்கு மூலை தாண்டிப் போனார்கள். ஒரு மூலையில் அத்துமீறாதே என்ற பலகையோடு இரண்டு இரும்புக் கம்பங்கள், நடுவில் சங்கிலி, பூட்டு. வேலி என்று சொல்ல அங்கே வேறு எதுவும் இல்லை. அவர்கள் கம்பத்தைப் பிடித்துச் சுற்றிக் காலை மறுபக்கம் வைத்தார்கள். அடுத்த வருடம் கம்பத்தைக்கூடத் தொட வேண்டாம் என்று, மூலைக்கு மேலே நிறுத்தக்கூடிய மடக்கு ஏணியைக் கொண்டு வந்தார்கள். நான்கு கால்களும் பொது நிலத்தில், ஏறி இறங்கிப் போய்விடலாம். அதற்கும் கிரிமினல் வழக்கு. 2022 ஏப்ரலில் ஜூரி குற்றமில்லை என்று விடுவித்தது. பண்ணையோ சிவில் வழக்கும் போட்டிருந்தது, நிலத்தின் மதிப்பு குறைந்துவிட்டது என்று 77.5 லட்சம் டாலர் வரை கணக்குக் காட்டியது. மண்ணை மிதிக்காமல் காற்றைக் கடந்ததற்கு!

2023 மேயில் மாவட்ட நீதிபதி ஸ்காட் ஸ்காவ்டால் வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் நீதிபதி டிம்கோவிச் எழுதிய தீர்ப்பை முழுதாகப் படித்துப் பாருங்கள், நிலச் சட்டத்தில் ஆர்வம் உள்ள யாருக்கும் அது நல்ல வாசிப்பு. வயோமிங் மாநிலச் சட்டப்படி ஒருவர் நிலத்துக்கு மேலுள்ள காற்றுவெளியைக் கடப்பதும் அத்துமீறல்தான் என்பதை அது ஒப்புக்கொள்கிறது. ஆனால் அந்த மாநில உரிமையைப் பயன்படுத்திப் பொது நிலத்தை அடைத்துவைப்பது 1885 சட்டத்துக்கு எதிரானது, ஃபெடரல் சட்டம்தான் மேலே நிற்கும் என்கிறது. தரையைத் தொடக்கூடாது என்ற நிபந்தனை அங்கிருந்து வருவதுதான்.

என் கருத்தைக் கேட்டால், இது 140 வருடம் முன்பே முடிந்திருக்க வேண்டிய விஷயம். அந்த மலை எல்லோருடையது. ஒரு புள்ளியைச் சுற்றியுள்ள காற்றுக்கு உரிமை கொண்டாடி ஆயிரக்கணக்கான ஏக்கரைப் பூட்டிவைக்க யாருக்கும் உரிமை இருக்கக்கூடாது.

பில்லிங்ஸ் ரவி:

லாரமி அண்ணா சொன்ன சட்டம் சரி. ஆனால் இந்த விஷயம் எப்போது பேசப்பட்டாலும் பண்ணைக்காரர்கள் எல்லோரும் மலையை வாங்கிப் பூட்டிய கோடீஸ்வரர்கள் என்கிற மாதிரியே போகிறது, அதை நான் ஏற்க மாட்டேன். நான் மொன்டானாவில் விவசாயக் கருவிகள் விற்கும் வேலையில் இருக்கிறேன், வாரம் முழுக்கப் பண்ணை வீடுகளுக்குப் போகிறவன். எனக்குத் தெரிந்தவர்களில் பலர் மூன்று நான்கு தலைமுறையாக அதே நிலத்தில் மாடு வளர்க்கிறவர்கள். கையில் பணம் இருக்காது, நிலம்தான் இருக்கும்.

அவர்கள் பயப்படுவது மூலையில் ஒருவர் கால் வைப்பதற்காக அல்ல. ஒருவர் வந்தால் பின்னாலேயே இருபது பேர் வருவார்கள், அவர்களில் யாரோ கேட்டைத் திறந்துபோட்டு விடுவார், மாடு சாலைக்கு வந்துவிடும், காய்ந்த புல்லில் யாரோ சிகரெட் போடுவார், சுட்ட மான் வெள்ளைக் கட்டத்துக்குள் ஓடி விழுந்தால் எடுக்க வருவார்கள். நவம்பர் பனியில் விடியற்காலையில் யாரோ துப்பாக்கியோடு வீட்டுக்கு அருகே நடந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? ஒரு பண்ணைக்காரர் என்னிடம் கேட்டார், நான் நிலத்தை வாங்கியபோது மூலைக்கு வழி இல்லை, அதை வைத்துத்தான் விலை சொன்னார்கள், வரி கட்டுகிறேன், இப்போது நஷ்டஈடு இல்லாமல் எல்லோருக்கும் வழி கொடு என்றால் என்ன நியாயம் என்று. அந்தக் கேள்வியைத் தட்டிவிட முடியாது.

இன்னொன்று, மொன்டானா 9வது சர்க்யூட்டில் இருக்கிறது. அந்தத் தீர்ப்பு எங்களைக் கட்டுப்படுத்தாது. இங்கே அதிகாரிகள் மூலை தாண்டுவது இன்னும் அனுமதிக்கப்படவில்லை என்றே சொல்கிறார்கள். செந்திலுக்கு வயோமிங் உரிமம், அதனால் பிரச்சினை இல்லை, ஆனால் இதைப் படித்துவிட்டு யாராவது இங்கே வந்து முயற்சி செய்ய வேண்டாம்.

கவிதா டென்வர்:

நான் வேட்டையாடுவதில்லை, பறவை பார்க்கப் போகிறவள். ஆனாலும் இந்த வழக்கை ஆரம்பத்திலிருந்து கவனித்தேன், ஏனென்றால் இது வேட்டைக்காரர்களுக்கு மட்டுமான வழக்கு கிடையாது. நடக்கிறவர்கள், படம் எடுக்கிறவர்கள், மீன் பிடிக்கிறவர்கள் எல்லோருக்கும் அதே மூலைதான். மேற்கு மாநிலங்களில் மூலையில் மட்டும் தொட்டுக்கொண்டு, வேறு வழி இல்லாமல் மாட்டிக்கொண்ட பொது நிலம் 83 லட்சம் ஏக்கர் என்று 2022இல் வரைபட நிறுவனமான ஆனெக்ஸ் கணக்கிட்டது. அவ்வளவு நிலத்துக்கும் நாம் சொந்தக்காரர்கள் என்று காகிதம் சொல்கிறது, காலை வைக்க முடியாது என்றால் அந்தக் காகிதத்தால் என்ன பயன்?

ரவி, உங்கள் பண்ணை நண்பர்கள் கவலைப்படுவது எனக்குப் புரிகிறது. ஆனால் கேட்டைத் திறந்துபோடுகிறவரையும் தீ வைக்கிறவரையும் தண்டிக்க ஏற்கெனவே சட்டம் இருக்கிறது. அந்தச் சிலருக்காக எல்லோரையும் வெளியே நிறுத்துவது சரியில்லை. அப்புறம், பொது நிலத்தில் மாடு மேய்க்கிறார்களே, அதற்கு ஒரு மாடும் கன்றும் ஒரு மாதம் மேய 2019 முதல் 2025 வரை 1.35 டாலர்தான் ஃபெடரல் கட்டணம். நம் நிலத்தை அவ்வளவு மலிவாக அனுபவித்துக்கொண்டே, நாம் அங்கே நடக்கக்கூடாது என்று சொல்வதுதான் எனக்குக் கோபத்தை உண்டாக்குகிறது. எல்லாப் பண்ணைக்காரர்களையும் சொல்லவில்லை. சொல்கிறவர்களைச் சொல்கிறேன்.

நெல்லை வக்கீல்:

நான் திருநெல்வேலியில் வக்கீலாக இருக்கிறேன், மகள் உட்டாவில் இருப்பதால் அங்கே வந்துபோவேன். ஒரு சந்தேகம். நம் நாட்டில் 1882 வசதியுரிமைச் சட்டம் 13ஆம் பிரிவில் அவசிய வழியுரிமை இருக்கிறது. ஒருவர் தன் நிலத்தைப் பாதி விற்று, மீதி பாதிக்குப் போக வேறு வழியே இல்லாமல் போனால், விற்ற நிலத்தின் வழியாகப் பாதை கேட்கலாம். இது ஆங்கிலேயப் பொதுச் சட்டத்திலிருந்து வந்தது, அமெரிக்காவும் அதே மரபு. அங்கே அரசுதானே ரயில் கம்பெனிக்கு ஒற்றைப்படைக் கட்டங்களைக் கொடுத்தது? கொடுக்கும்போதே தன் மீதிக் கட்டங்களுக்கு வழி வைத்துக்கொண்டதாகக் கோர்ட் ஏன் எடுத்துக்கொள்ளவில்லை? வேட்டைக்காரர்கள் அதைச் சொல்லியிருந்தால் ஏணியே தேவைப்பட்டிருக்காதே.

லாரமி வாசி:

வக்கீல் சார், இந்த வாதத்தை அரசாங்கமே வைத்துப் பார்த்தது, தோற்றது. 1979, லியோ ஷீப் கம்பெனி எதிர் அமெரிக்கா. அதுவும் இதே கார்பன் கவுன்டிதான். செமினோ நீர்த்தேக்கத்துக்கு மக்கள் மீன் பிடிக்கவும் வேட்டைக்கும் போவதற்காக, ஆட்டுப் பண்ணையின் கட்டங்கள் வழியாக அரசு ஒரு மண் சாலை போட்டது. கம்பெனி வழக்குப் போட்டது. நீங்கள் சொன்ன அவசிய வழியுரிமையைத்தான் அரசு சொன்னது. நீதிபதி ரென்குவிஸ்ட் எழுதிய தீர்ப்பு அதை ஏற்கவில்லை. அரசுக்கு நிலம் கையகப்படுத்தும் அதிகாரம் இருக்கிறது, வழி வேண்டுமென்றால் பணம் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம், எனவே அவசியம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்றது. 1862 சட்டத்தில் அப்படி ஒரு உரிமையை ஒதுக்கி வைத்ததாகவும் எழுதப்படவில்லை.

எல்க் மவுன்டன் பண்ணை இந்தத் தீர்ப்பைத்தான் கையில் பிடித்துக்கொண்டு நின்றது. பொது நிலத்துக்கு வழி இல்லை என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதே என்று. ஆனால் லியோ ஷீப் வழக்கில் இருந்தது ஒரு சாலை. அடுத்தவர் மண்ணின் மேல் வண்டி ஓடும் நிரந்தரப் பாதை. கால் கூடப் படாமல் மூலையைக் கடப்பது வேறு. 1885 சட்டத்தைப் பொறுத்தவரை, தன் மண்ணில் சாலைக்குச் சம்மதிக்காததை அடைப்பு என்று சொல்ல முடியாது என்றுதான் லியோ ஷீப் தீர்ப்பு சொன்னதே தவிர, அந்தச் சட்டத்தை அது ஒழித்துவிடவில்லை.

அதற்கு முன்னாலும் பின்னாலும் வந்த இரண்டு தீர்ப்புகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒன்று 1914, மெக்கே வழக்கு. ஒரு ஆட்டு இடையர் கோடை மேய்ச்சலிலிருந்து குளிர்கால மேய்ச்சலுக்கு மந்தையை ஓட்டிப் போகும்போது, வேலியில்லாத தனியார் கட்டங்களைக் கடந்தார். நிலக் கம்பெனி அவர்மேல் அத்துமீறல் வழக்குப் போட்டது. 8வது சர்க்யூட் இடையர் பக்கம் நின்றது, அப்போது வயோமிங் அதன் கீழ்தான் இருந்தது, 10வது சர்க்யூட் 1929இல்தான் பிறந்தது. இன்னொன்று 1988, பெர்கன் வழக்கு. ராலின்ஸ் ஊருக்குத் தென்மேற்கே ரெட் ரிம் என்ற இடத்தில் ஒருவர் 28 மைல் வேலி போட்டார். பிராங்ஹார்ன் மான்கள் குளிர்காலப் புல்லுக்குப் போக முடியாமல் வேலி ஓரத்தில் மாட்டிக்கொண்டன. மான் போகிற வழியை அடைப்பதும் பொது நிலத்தை அடைப்பதுதான் என்று 10வது சர்க்யூட் சொன்னது. மான் போகலாம் என்று தீர்ப்பு இருக்கும் இடத்தில் மனிதன் போகக்கூடாது என்று எப்படிச் சொல்வது?

ரவி சொன்ன நஷ்டஈட்டுக் கேள்விக்கும் இங்கேதான் பதில். பண்ணையும் அதே வாதத்தை வைத்தது, என்னிடமிருந்து சொத்துரிமையைப் பறிக்கிறீர்கள், ஈடு கொடுங்கள் என்று. கேம்ஃபீல்டு வழக்கிலேயே இது முடிந்துவிட்டது என்றது நீதிமன்றம். பொது நிலத்தை அடைப்பது பிறருக்குத் தொல்லை தருகிற செயல், அப்படி ஒரு உரிமை யாருக்கும் இருந்ததே இல்லை, இல்லாததைப் பறிக்க முடியாது. ரவியின் நண்பர் அதிக விலை கொடுத்து வாங்கியிருந்தால் எனக்கு வருத்தம்தான், உண்மையாகவே. ஆனால் விற்றவர் தன்னிடம் இல்லாத ஒன்றையும் சேர்த்து விற்றிருக்கிறார். அந்தக் கணக்கை அவர்கள் இருவரும் தீர்த்துக்கொள்ள வேண்டும், மலைக்குப் போக நினைக்கிற மற்றவர்கள் தலையில் போடக்கூடாது.

எல்லைக்கல்:

நான் நில அளவைத் தொழிலில் இருப்பவன், பாதி வாழ்க்கை இந்த மூலைகளைத் தேடுவதிலேயே போனது. எல்லோரும் சட்டம் பேசுகிறீர்கள், ஆனால் அந்த மூலை எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

செந்தில், உங்கள் செயலியில் தெரியும் கோடு எல்லை கிடையாது. அது எல்லையைப் பற்றி ஒரு வரைபடம் சொல்லும் செய்தி. போன் ஜி.பி.எஸ். நல்ல திறந்த வெளியிலேயே சில மீட்டர் தள்ளிக் காட்டும், பள்ளத்தாக்கில் இன்னும் மோசம். தரையைத் தொடாமல் கடக்க வேண்டும் என்று தீர்ப்பு சொல்கிறது, சில மீட்டர் பிசகினால் நீங்கள் முழுக்கத் தனியார் நிலத்தில் நடந்திருப்பீர்கள், அது சாதாரண அத்துமீறல், 1885 சட்டம் உங்களைக் காப்பாற்றாது.

எனவே அந்த மூலையில் எல்லைக்கல் இருந்தால் மட்டும் போங்கள். 19ஆம் நூற்றாண்டில் சங்கிலி போட்டு அளந்தார்கள், 66 அடிச் சங்கிலி, 80 சங்கிலி ஒரு மைல். அப்போது எழுத்துச் செதுக்கிய கல்லை நட்டார்கள், பிறகு மறுஅளவை செய்தபோது பல இடங்களில் பித்தளைத் தலை வைத்த இரும்புக் குழாயை நட்டார்கள், தலையில் செக்‌ஷன் எண்கள் பொறித்திருக்கும். சங்கிலி அளவு பிசகியிருந்தால்கூட, முதல் அளவையில் நட்ட கல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் சட்டப்படி மூலை. கல்தான் பேசும், கணக்கு பேசாது. பல மூலைகளில் கல் புதைந்திருக்கும், சிலவற்றில் மாடு உதைத்துப் போட்டிருக்கும். வேலி எல்லையில்தான் ஓடும் என்றும் நம்பாதீர்கள், பாறை வந்தால் வசதிக்கு வளைத்து வேலி போட்ட இடங்கள் நிறைய.

எல்க் மவுன்டன் வேட்டைக்காரர்கள் அளவைக் குறிகளை வைத்துத்தான் மூலைகளைக் கண்டுபிடித்தார்கள். வழக்கு அவ்வளவு சுத்தமாக நின்றதற்கு அது முக்கியமான காரணம். அவர்களில் ஒருவரின் செயலியில் பதிவான ஒரு இடக்குறியைக்கூட, அங்கே தனியார் நிலத்தில் நின்றாய் என்று பண்ணைத் தரப்பு கோர்ட்டுக்குக் கொண்டு வந்தது. போன் எல்லாவற்றையும் பதிந்து வைக்கிறது, அது இரண்டு பக்கமும் சாட்சி சொல்லும்.

பில்லிங்ஸ் ரவி:

எல்லைக்கல் சார் சொன்னதைத்தான் நான் பயமாகச் சொன்னேன். தீர்ப்பைப் படிக்காமல், கல்லைத் தேடாமல், போனைப் பார்த்து நடக்கிறவர்கள்தான் அதிகம் வருவார்கள்.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். டர்ஃபி ஹில்ஸ் என்று இங்கே ஃபெர்கஸ் கவுன்டியில் பி.எல்.எம். மலைத்தொகுதி இருக்கிறது, எல்க் நிறைய. சுற்றிலும் தனியார் பண்ணை. சாலை வழி இல்லாததால் வேட்டைக்காரர்கள் சின்ன விமானத்தில் போய் இறங்குகிறார்கள். விமானம் அமர்த்தப் பணம் இருக்கிறவனுக்கு மட்டும் பொது நிலம் என்றால் அது எனக்கும் பிடிக்கவில்லை. நான் சொல்வது, கோர்ட் வழியை விட ஒப்பந்த வழி நல்லது என்பதுதான். இங்கே பிளாக் மேனேஜ்மென்ட் என்று ஒரு திட்டம் உண்டு, வேட்டைக்காரர்களை விடும் பண்ணைக்கு மாநிலம் பணம் கொடுக்கிறது, பதிவேட்டில் பெயர் எழுதிவிட்டு உள்ளே போகலாம். பண்ணைக்காரருக்கு யார் வருகிறார்கள் என்று தெரியும், வருகிறவருக்குப் பயமில்லை. வயோமிங்கிலும் அக்சஸ் யெஸ் என்று அதே மாதிரித் திட்டம் இருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள் செந்தில். அப்புறம் கடிதம் எழுதுங்கள், நேரில் போய்க் கதவைத் தட்டுங்கள். கோடையில், வேட்டைக் காலத்துக்கு முன்னால். எத்தனையோ பேர் சும்மாவே விடுவார்கள், கேட்கிறவர்தான் யாரும் இல்லை.

கவிதா டென்வர்:

ரவி சொல்லும் திட்டங்கள் நல்லவை, மறுக்கவில்லை. ஆனால் அவை பண்ணைக்காரர் மனசு வைத்தால் மட்டும். அவர் நாளைக்கு விற்றுவிட்டால், வாங்குகிறவர் மூடிவிட்டால் முடிந்தது. நிரந்தர வழி வேண்டும் என்றால் நிலத்தையோ வழியுரிமையையோ அரசு விலைக்கு வாங்க வேண்டும். அதற்கும் நிதி இருக்கிறது, நிலம் மற்றும் நீர்ப் பாதுகாப்பு நிதிக்கு 2020 சட்டம் வருடத்துக்கு 90 கோடி டாலரை உறுதி செய்தது. விற்கச் சம்மதிக்கிறவர்களிடம் வாங்கட்டும். அதற்காக எம்.பி.க்களுக்கு எழுதுகிற வேலையை நாமும் செய்ய வேண்டும், வேட்டைச் சங்கங்கள் மட்டும் செய்தால் போதாது.

செந்தில் ஃபோர்ட் காலின்ஸ்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. இன்னும் இரண்டு கேள்வி. ஒன்று, என் பகுதியில் ஒரு மூலையில் மஞ்சளுக்கு எதிரே நீலக் கட்டம் வருகிறது, அது மாநில அரசு நிலம். அங்கேயும் தாண்டலாமா? இரண்டு, மான் கிடைத்தால் இறைச்சியைத் தூக்கிக்கொண்டு அதே மூலை வழியாகத்தான் திரும்ப வேண்டும். மூலையில் நாலு கம்பி முள்வேலி இருந்தால் எப்படி?

லாரமி வாசி:

நீலக் கட்டத்தில் கவனம். வயோமிங் மாநிலமானபோது 36 சதுர மைல் கொண்ட ஒவ்வொரு டவுன்ஷிப்பிலும் 16, 36ஆம் செக்‌ஷன்களைப் பள்ளிகளுக்காக மாநிலத்துக்குக் கொடுத்தார்கள், நீலக் கட்டங்களில் பல அப்படி வந்தவை. 1885 சட்டம் பேசுவது அமெரிக்க ஃபெடரல் பொது நிலத்தைப் பற்றி. மஞ்சளிலிருந்து மஞ்சளுக்குப் போவதில் இருக்கும் உறுதி, நீலம் கலந்த மூலையில் இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த மூலையை விட்டுவிடுங்கள், அல்லது வேட்டையைக் கவனிக்கும் மாநிலத் துறையான கேம் அண்ட் ஃபிஷ் துறையின் வட்டார அலுவலகத்தைக் கூப்பிட்டுக் கேளுங்கள். வேட்டைக்கான அத்துமீறல் சட்டத்தை 2023இல் வயோமிங் திருத்தியது, தனியார் நிலத்தின் தரையை உடலால் தொட்டாலோ அதில் வண்டி ஓட்டினாலோதான் அதைக் கடந்ததாகும் என்று. அது வேட்டை உரிமச் சட்டத்துக்கு உதவும், ஆனால் பொதுவான அத்துமீறல் சட்டம் தனி, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

முள்வேலி இருந்தால் கம்பியை மிதித்து ஏறாதீர்கள், வளைக்காதீர்கள், வெட்டுவது பற்றி யோசிக்கவே கூடாது. ஏணி இல்லாமல் கடக்க முடியாத மூலை என்றால் ஏணி கொண்டு போங்கள். கால்கள் நான்கும் பொது நிலத்தில் நிற்க வேண்டும். இறைச்சியைச் சிறு சிறு பையாகப் பிரித்துக்கொள்ளுங்கள், ஒரு எல்க் மானின் ஒரு பின்னங்காலே தோளை முறிக்கும், அந்தச் சுமையோடு ஏணியில் தடுமாறி வெள்ளைக் கட்டத்தில் விழுந்தால் தரையைத் தொட்டது தொட்டதுதான். மூலைக்கு அருகே சுடவும் வேண்டாம். அடிபட்ட மான் வெள்ளைக் கட்டத்துக்குள் ஓடினால் சொந்தக்காரர் அனுமதி இல்லாமல் போகாதீர்கள், அந்தத் துறையின் வேட்டைக் காவலரான வார்டனைக் கூப்பிடுங்கள். குறைந்தது கால் மைலாவது உள்ளே போய் வேட்டையாடுங்கள்.

இன்னொன்றும் நினைவில் வையுங்கள், வெளி மாநிலத்தவர்கள் வயோமிங்கின் ஃபெடரல் வில்டர்னஸ் (சாலை போடாமல் இயற்கையாகவே விட்டுவைத்த) பகுதிகளில் வழிகாட்டி இல்லாமல் பெரிய விலங்கு வேட்டைக்குப் போக முடியாது. மஞ்சள் கட்டத்துக்கு அது பெரும்பாலும் பொருந்தாது, மலைப் பக்கம் பச்சை நிறம், அதாவது தேசிய வனம், வந்தால் பாருங்கள்.

ரவி சொன்னதில் ஒரு பகுதியை நானும் சொல்கிறேன். உரிமை இருக்கிறது என்பதற்காகக் கேட்கக்கூடாது என்று இல்லை. அந்த வெள்ளைக் கட்டத்துக்காரர் அனுமதி கொடுத்தால் ஏணியே வேண்டாம். கொடுக்காவிட்டால் மூலை இருக்கிறது, அதை இனி யாரும் பூட்ட முடியாது.

எல்லைக்கல்:

பி.எல்.எம். இணையதளத்தில் பழைய அளவைக் குறிப்புகளும் வரைபடங்களும் இலவசமாகக் கிடைக்கும். உங்கள் டவுன்ஷிப், ரேஞ்ச் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். அந்த மூலையில் கல் நட்டார்களா, எந்த அளவுக் கல், அதில் என்ன செதுக்கினார்கள், பக்கத்தில் என்ன அடையாளம் என்று அளந்தவர் கைப்பட எழுதியிருப்பார். கோடையில் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை மஞ்சள் பக்கமாகவே போய்க் கல்லைப் பார்த்துவிட்டு வாருங்கள், படம் எடுத்து வையுங்கள்.

செந்தில் ஃபோர்ட் காலின்ஸ்:

சரி சார். நீல மூலையை விட்டுவிட்டேன். மஞ்சள் மூலையின் அளவைக் குறிப்பை எடுத்துவிட்டேன், 1870களின் கையெழுத்து, கல் நட்டதாக எழுதியிருக்கிறது. கவுன்டி வரிப் பதிவில் வெள்ளைக் கட்டத்தின் சொந்தக்காரர் முகவரியும் கிடைத்தது, இந்த வாரமே கடிதம் போடுகிறேன். பதில் வந்தாலும் வராவிட்டாலும் ஜூலையில் போய்க் கல்லைத் தேடிவிட்டு இங்கே எழுதுகிறேன்.